கிலோமீட்டர் கணக்கும் நாடிக் கணக்கும்

நீண்ட தூர ஓட்டக்காரனின் பயிற்சியில் இரண்டு கணக்கு உண்டு. எவ்வளவு ஓடினான் என்பது ஒன்று. அந்த ஓட்டம் அவன் உடம்புக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பது இன்னொன்று. கல்லூரி அணிகளில் நான் பார்த்தவரை முதல் கணக்கு மட்டும்தான் எழுதப்படுகிறது. "இன்னைக்கு 12 கிலோமீட்டர், எல்லாரும்." அவ்வளவுதான். அந்த 12 கிலோமீட்டர் பத்துப் பேருக்கும் ஒரே 12 தான். ஆனால் பத்துப் பேரும் அதற்குக் கொடுக்கிற விலை ஒன்றில்லை.

பி.காம். படிக்கிறவனுக்கு இதயத்துடிப்பில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். நான் கல்லூரி அணியில் 5000 மீட்டர் ஓடுகிறேன் (பதக்கம் வாங்குகிற ஆள் இல்லை, எண்ணிக்கைக்கு ஒரு ஆள்). அடுத்தது, அடக்கவிலைக் கணக்குப் பாடத்தில் முதல் மாதமே ஒரு விஷயத்தைத் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: எத்தனை பொருள் செய்தாய் என்பது வேறு, அதற்கு எவ்வளவு செலவானது என்பது வேறு. உற்பத்தியை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் தொழிற்சாலை ஒருநாள் காரணம் தெரியாமலே மூடப்படும். ஓட்டக்காரனும் அப்படித்தான்.

செலவை எப்படி அளப்பது? அங்கேதான் நாடி வருகிறது. கடினமாக உழைக்கும் தசைக்கு அதிக ஆக்சிஜன் வேண்டும், அதைக் கொண்டுபோக இதயம் வேகமாக அடிக்க வேண்டும். மெதுவான ஓட்டத்திலிருந்து ஓரளவு வேகமான ஓட்டம் வரை இந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் ஏறுகின்றன. உடம்பைக் குத்தாமல், ரத்தம் எடுக்காமல், முகமூடி மாட்டாமல், உள்ளே நடக்கிற செலவை வெளியிலிருந்து எட்டிப்பார்க்க இதைவிட மலிவான ஜன்னல் கிடையாது.

இது புது யோசனையும் இல்லை. 1930-களிலேயே ஜெர்மனியில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளர், ஹான்ஸ் ரைண்டெல் என்ற இதய மருத்துவரோடு சேர்ந்து, விட்டு விட்டு ஓடும் இன்டர்வெல் பயிற்சியை நாடியை வைத்தே வகுத்தார். ஓடி முடிக்கும்போது துடிப்பு நிமிடத்துக்கு 180 பக்கம் போகலாம். பிறகு நின்று, துடிப்பு 120-க்கு இறங்கிய பிறகுதான் அடுத்த ஓட்டம். 90 வினாடிக்குள் இறங்கவில்லை என்றால் ஓடியது அதிகம் என்று அர்த்தம், குறைத்துக்கொள்ள வேண்டும். அவரிடம் பயிற்சி எடுத்த ருடால்ஃப் ஹார்பிக் 1939-ல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 வினாடியில் ஓடினார். அந்த உலக சாதனையை 1955 வரை யாராலும் தொட முடியவில்லை. அந்தக் காலத்தில் நாடி பார்த்தது விரலை வைத்துத்தான். இதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

கருவி வந்தது ரொம்பப் பிறகு. 1977-ல் பின்லாந்தில் தொடங்கப்பட்ட போலார் நிறுவனம் 1982-ல் 'ஸ்போர்ட் டெஸ்டர் பி.இ. 2000' என்ற சாதனத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மார்பில் ஒரு பட்டை, கையில் ஒரு கடிகாரம், நடுவில் கம்பி இல்லை. அதுவரை ஆய்வுக்கூடத்தில் ட்ரெட்மில் மேல் கட்டிப்போட்டு அளந்ததை ரோட்டிலும் பனியிலும் அளக்க முடிந்தது. இன்று எல்லார் கையிலும் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் வேறு ஜாதி. மார்புப் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது. வாட்ச் தோலுக்குள் பச்சை வெளிச்சம் அடித்து ரத்த ஓட்டத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. பட்டி தளர்ந்தாலோ கை அதிகம் ஆடினாலோ அது இதயத்தை விட்டுவிட்டுக் காலடியை எண்ண ஆரம்பித்துவிடும். ஓடுகிறவனின் காலடி நிமிடத்துக்கு 170, 180 என்று இருப்பதால் பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது!

சரி, துடிப்பு தெரிந்துவிட்டது. அதிலிருந்து 'சுமை' என்ற ஒரு எண்ணை எப்படி எடுப்பது? கனடாவில் எரிக் பானிஸ்டர் என்ற ஆய்வாளர் ஒரு வழி சொன்னார். அதற்கு 'ட்ரிம்ப்' என்று பெயர். எத்தனை நிமிடம் ஓடினாய், அப்போது உன் ஓய்வு நாடிக்கும் உச்ச நாடிக்கும் நடுவில் எத்தனை பங்கு மேலே இருந்தாய், இரண்டையும் பெருக்கு. ஆனால் நேராகப் பெருக்கக் கூடாது. உச்சத்தை நெருங்க நெருங்க ஒவ்வொரு துடிப்பின் விலையும் கூடும், வட்டிக்கு வட்டி மாதிரி. அதனால் மேலே போகப் போக மடங்கு ஏறுகிற ஒரு எடையையும் சேர்த்தார்.

உதாரணத்துக்கு இரண்டு பேரைக் கற்பனை செய்வோம். இருவருக்கும் உச்ச நாடி 195. இருவரும் அருகருகே, பேசிக்கொண்டே (ஒருவன் பேசுகிறான், மற்றவன் தலையாட்டுகிறான்) ஒரு மணி நேரம் ஓடுகிறார்கள். முதல் ஆளின் ஓய்வு நாடி 50, ஓடும்போது சராசரி 140. இரண்டாவது ஆளுக்கு ஓய்வில் 60, ஓட்டத்தில் 170. ஆண்களுக்கான பானிஸ்டர் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் ஆளுக்குச் சுமார் 78, இரண்டாவது ஆளுக்குச் சுமார் 150. அதே தூரம், அதே நேரம், அதே வேகம். செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கோச்சின் நோட்டில் இருவர் பெயருக்கு எதிரிலும் ஒரே டிக் மார்க்.

இதைப் பார்த்ததும் "ஆஹா, எல்லாருக்கும் வாட்ச் வாங்கிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்று தோன்றும். எனக்கும் மறுப்பு இங்கேதான் தொடங்குகிறது.

அதே சூத்திரத்தைத் திருப்பிப் போடுங்கள். முதல் ஆள் அந்தச் சுகமான 140-லேயே 115 நிமிடம் ஓடினால் அவனுக்கும் 150 வந்துவிடும். அதாவது மூச்சு வாங்க ஓடிய ஒரு மணி நேரமும், நிதானமாக ஓடிய ஏறக்குறைய இரண்டு மணி நேரமும் ஒரே எண். மறுநாள் காலையில் எழுந்திருக்கும்போது இரண்டும் ஒன்றா? நிச்சயமாக இல்லை. டர்ன்ஓவர் சமமாக இருப்பதால் நகைக் கடையும் மளிகைக் கடையும் ஒரே வியாபாரம் ஆகிவிடாது. கூட்டுத்தொகை எப்போதும் எதையோ மறைத்துக்கொண்டுதான் நிற்கும்.

இதயத்துக்குத் தெரியாத செலவும் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வரும் வலி, குதிகால் நரம்பு இழுப்பு, இறக்கத்தில் ஓடித் தொடைத் தசை கிழிவது, இதெல்லாம் நாடியில் பதிவாகாது. 200 மீட்டர் வேக ஓட்டம் ஓடினால் இதயம் சூடு பிடிப்பதற்குள் ஓட்டமே முடிந்துவிடும். கால் கதறும், வாட்ச் "மிதமான பயிற்சி" என்று சொல்லும்.

வெயில் இதற்கு நேர் எதிர். மார்ச் முடிந்துவிட்டால் சென்னை மாதிரி ஊரில் காலை 6 மணிக்கே பனியன் பிழிகிற அளவுக்கு வியர்வை. வியர்வையாகப் போகும் நீர் ரத்தத்திலிருந்து போகிறது. தோலைக் குளிர வைக்கவும் ரத்தம் போக வேண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் அளவு குறைகிறது, அதை ஈடுகட்டத் துடிப்பின் எண்ணிக்கை ஏறுகிறது. வேகம் கூட்டாமலே, 20-வது நிமிடத்தில் 150 இருந்தது 50-வது நிமிடத்தில் 165 ஆவது சாதாரணம். ஐரோப்பியக் குளிரில் எழுதிய பயிற்சி அட்டவணையை இணையத்திலிருந்து எடுத்து, அதில் உள்ள வேகத்தை அப்படியே நம் பையன்களை ஓடச் சொல்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை. வெயில் நாளில் வேகத்தைக் குறைப்பது சோம்பேறித்தனம் இல்லை, விலைவாசிக்குத் தகுந்த பட்ஜெட்.

இப்போது நான் இதை எழுதக் காரணமான விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு அணியில் முதலாண்டுப் பையன் ஒருவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவன், மண்டலப் போட்டியில் இடம் பிடித்தால்தான் அடுத்த வருடம் கட்டணச் சலுகை தொடரும். போட்டிக்கு முந்தைய மூன்று வாரம் காலையும் மாலையும் கடும் பயிற்சி. அந்த அணியில் அப்போதுதான் வாட்ச் வந்திருந்தது, பி.டி. சாருக்கு அதன் மேல் புது மாப்பிள்ளை மோகம். ஒரு நாள் வேக ஓட்டத்தில் எல்லாருக்கும் 180-ஐத் தாண்ட, இவனுக்கு மட்டும் 165-க்கு மேல் ஏறவில்லை. "ஹார்ட்டே ஏறல, ஏமாத்துறான்" என்று தீர்ப்பு வந்தது, கூடுதலாக ஆறு ரவுண்டும் வந்தது. அன்று சாயங்காலம் அவன் என்னிடம் சொன்னது, "அண்ணே, நான் உயிரைக் கொடுத்துத்தான்ணே ஓடுறேன். கால் வரமாட்டேங்குது."

அவன் சொன்னது உண்மையாக இருந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. பல வாரம் அளவுக்கு மீறிப் பயிற்சி செய்து சோர்ந்த உடம்பில், முழு முயற்சியில் ஓடினாலும் இதயத்துடிப்பு வழக்கமான உச்சத்தைத் தொடாமல் போவது விளையாட்டு மருத்துவத்தில் தெரிந்த அறிகுறி. அதாவது ஒரே வேகத்தில் நாடி குறைந்தால் தகுதி கூடியிருக்கலாம், அல்லது உடம்பு ஓய்ந்து போயிருக்கலாம். எண் ஒன்றுதான், அர்த்தம் நேர் எதிர். எது என்று வாட்ச் சொல்லாது. அந்தப் பையனைக் கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை. போட்டியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான், சலுகையும் போனது. கருவி இல்லாத காலத்தில் அவனை "சோம்பேறி" என்று திட்டியிருப்பார்கள். கருவி வந்த பிறகு ஆதாரத்தோடு திட்டினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடக்கவிலைக் கணக்கில் 'வேரியன்ஸ்' என்று ஒரு பாடம். ஒரு பொருளுக்கு இவ்வளவு செலவாக வேண்டும் என்று தரம் வைத்துக்கொண்டு, நிஜச் செலவு அதிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்ப்பது. எங்கள் பேராசிரியர் திரும்பத் திரும்பச் சொல்வது, வேரியன்ஸ் யாரையும் குற்றவாளி ஆக்குவதற்கு இல்லை, எங்கே போய் விசாரிக்க வேண்டும் என்று காட்டுவதற்கு. மூலப்பொருள் செலவு ஏறினால் தொழிலாளி திருடினான் என்று அர்த்தமில்லை, சந்தையில் விலை ஏறியிருக்கலாம். நாடியும் அதே மாதிரிதான். விலகல் தெரிந்தால் கேள்வி கேட்க வேண்டும். தூங்கினாயா? சாப்பிட்டாயா? காய்ச்சலா? பரீட்சையா? வீட்டில் ஏதாவது பிரச்சினையா?

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது, அதற்குப் பைசா செலவில்லை. அமெரிக்காவில் கார்ல் ஃபாஸ்டர் என்ற ஆய்வாளர் பிரபலப்படுத்தியது. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, "இன்று எவ்வளவு கஷ்டமாக இருந்தது, 0 முதல் 10 வரை சொல்" என்று கேட்பது. சொன்ன எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குவது. சிரிப்பாக இருக்கும், ஆனால் நாடியை வைத்துப் போடும் கணக்கோடு இது பெரும்பாலும் ஒத்துப்போகிறது என்று கண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒத்துப்போகாத நாள்தான் முக்கியமான நாள். நாடி குறைவு, ஆனால் பையன் "9" என்கிறான். அன்று அவனுக்குக் கூடுதல் ரவுண்ட் இல்லை, லீவு கொடுக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 1975-ல் சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் பணக் கொள்கை பற்றிப் பேசும்போது சொன்ன கருத்து ஒன்று: ஒரு அளவுகோலை வைத்துக் கட்டுப்படுத்த ஆரம்பித்தால் அந்த அளவுகோலே கெட்டுவிடும். மாணவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், அட்டெண்டன்ஸ் பார்த்தாலே புரியும் :-) நாடியை வைத்து அணியில் யார் இருப்பது என்று முடிவு செய்தால், நாடியை ஏற்றவும் இறக்கவும் பையன்கள் வழி கண்டுபிடிப்பார்கள். ஓட்டத்துக்கு முன் ஸ்ட்ராங்காக ஒரு காபி போதும். பிறகு அந்த எண்ணில் உடம்பைப் பற்றிய செய்தி எதுவும் மிச்சமிருக்காது.

'220 கழித்தல் வயது' விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜிம் சுவரிலிருந்து வாட்ச் வரை உச்ச நாடிக்கு எல்லாரும் போடும் கணக்கு அதுதான். அது முறையான ஒரு பரிசோதனையிலிருந்து பிறந்ததில்லை. 1971-ல் வெளியான ஒரு கட்டுரையில், சிதறிக் கிடந்த பழைய விவரங்களை வைத்துக் குத்துமதிப்பாகப் போட்ட கோடு. 2001-ல் டனாகா குழுவினர் நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து '208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழி' என்று திருத்தினார்கள். இருபது வயதுக்கு முதல் கணக்கில் 200, இரண்டாவதில் 194. எதைப் போட்டாலும் தனி ஒரு மனிதனுக்கு 10 துடிப்பு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் போவது சாதாரணம். நிஜ உச்சம் 188 உள்ளவனுக்கு 200 என்று வைத்து மண்டலம் பிரித்தால் அவனுடைய 'சுலபமான நாள்' சுலபமாகவே இருக்காது.

அந்தச் சுலபமான நாளைக் காப்பாற்றுவதுதான் நாடியின் தலையாய பயன் என்று நினைக்கிறேன். நார்வேயில் பணிபுரியும் ஸ்டீஃபன் சைலர் என்ற ஆய்வாளர் உலகத் தரத் துடுப்பு, பனிச்சறுக்கு, ஓட்ட வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று தொகுத்துப் பார்த்தார். ஏறக்குறைய 80 சதவீதப் பயிற்சி பேசிக்கொண்டே செய்யக்கூடிய அளவுக்கு மெதுவானது, மீதிதான் கடுமையானது. நம் அணிகளில் தினமும் நடுத்தரமான கஷ்டம். மெதுவாக ஓடுகிறவனைப் பார்த்தால் கோச்சுக்குக் கோபம், சீனியருக்குக் கிண்டல். அதனால் சுலபமான நாளில் வேகமாக ஓடி, கடினமான நாளில் வேகம் வராமல் திணறுகிறோம். "145-ஐத் தாண்டாதே" என்று ஒரு எல்லை இருந்தால் மெதுவாக ஓடுவதற்கு ஒரு மரியாதை கிடைக்கும். நாடி அங்கே கசை இல்லை, கடிவாளம்.

இதற்கு வாட்ச் வேண்டாம். கெர்ஷ்லர் காலத்து விரல் போதும். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழும் முன், மணிக்கட்டில் விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் உங்கள் வழக்கமான எண் தெரிந்துவிடும். என்னுடையது 54 பக்கம். ஒரு நாள் 58 என்றால் ஒன்றுமில்லை. தொடர்ந்து மூன்று நாள் 62, 64 என்று நின்றால் ஏதோ இருக்கிறது. தூக்கமில்லை, தண்ணீர் போதவில்லை, அல்லது காய்ச்சல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. கடைசியாகச் சொன்னது விளையாட்டில்லை. வைரஸ் காய்ச்சல் இதயத் தசையையும் தாக்கக்கூடும், அந்த நிலையில் கடுமையாக ஓடுவது உயிருக்கே ஆபத்து. ஹாஸ்டலில் மாத்திரை போட்டுக்கொண்டு கிரவுண்டுக்கு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காலை நாடி சரியாக இருந்தாலே எல்லாம் சரி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அளவுக்கு மீறிய சோர்வு பல நேரம் ஓய்வு நாடியில் தெரிவதே இல்லை.

காலை நாடி, ஓடி முடித்து ஒரு நிமிடம் கழித்த நாடி, கஷ்டம் பத்துக்கு எத்தனை, தூக்கம் எத்தனை மணி. நான்கு பத்தி. இதை எங்கள் அணியில் தொடங்கலாம் என்று கேப்டனிடம் சொன்னபோது அவர் உடனே ஒப்புக்கொண்டார். நோட்டு யாரிடம் இருக்க வேண்டும் என்பதில்தான் தகராறு. பி.டி. அறையில் இருக்கட்டும் என்றார். பெண்கள் அணியிலிருந்து ஒரு அக்கா குறுக்கிட்டார். மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் ஓய்வு நாடி சில துடிப்பு ஏறும். "என் நோட்டைப் பார்த்து யார் வேணும்னாலும் தேதி கணக்குப் போடணுமா?" என்று கேட்டார். எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை. பையன்களுக்கும் அதே நியாயம்தான். தூங்காத ராத்திரிகளின் பட்டியலை அணித்தேர்வு செய்கிறவர் மேஜையில் வைக்க யாருக்கு மனம் வரும்?

இப்போதைக்கு முடிவு இது: நோட்டு ஓடுகிறவரிடமே இருக்கும். கோச் கேட்டால் அவரே பார்த்துச் சொல்லுவார், காட்டுவதும் காட்டாததும் அவர் விருப்பம். ஒன்பது பேர் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். இரண்டு பேர் பேனா இல்லை என்கிறார்கள்.